யோகராணி எழுதிக் கொடுத்த குடும்பம்

யோகராணியிடம் ஒரு படிவத்தை நீட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் நீட்ட வேண்டும். அவள் பொய் எழுத மாட்டாள், அதுதான் பிரச்சினையே. உள்ளதை உள்ளபடி எழுதுவாள். ஆனால் உள்ளது எது என்பதை அவளே முடிவு செய்வாள்.

அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரி. ஓக்லாந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற பெரிய சமையற்கூடத்தில் வேலை. விடியமுன் போய் மத்தியானம் வீட்டுக்கு வருவாள். பறக்கிறவர்களுக்குத் தட்டு அடுக்கிவிட்டு வந்து, தரையிறங்கினவர்களுக்குச் சோறு போடுவாள். தரையிறங்கினவர்கள் என்றால், இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து சேருகிற தமிழர்கள். விசா கிடைத்து, ஒரு பெட்டியோடு இறங்கி, இனி எங்கே போவது என்று முழிக்கிறவர்களுக்கு யாராவது பாபடோயிட்டோய்ப் பகுதியில் இருக்கிற யோகராணியின் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். "ஒரு கிழமைதான் அக்கா" என்று வருவார்கள். ஒரு வருசம் இருப்பார்கள். பிறகு வேலை நிரந்தரமாகி, கலியாணம் கட்டி, மோர்ட்கேஜ் எடுத்து வீடு வாங்கிப் போவார்கள். தீபாவளிக்குப் பலகாரத்தோடு வருவார்கள். இதுவரை எத்தனை பேர் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. ரென்ட் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சன்னதம் வந்துவிடும். "இதென்ன ஹோட்டலே?" என்று அகப்பையோடு திரும்புவாள்.

இந்தக் குணம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. அவளும் புருசன் ஆனந்தராசாவும் முதன்முதலில் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது, முன்பின் தெரியாத குணரத்தினம் என்ற மனிதர் த்ரீ கிங்ஸில் இருந்த தன் வீட்டுக் கராஜைத் திறந்துவிட்டார். வேலை கிடைக்கும்வரை அங்கேதான் இருந்தார்கள். வெளிக்கிடுகிற அன்று ஆனந்தராசா காசை நீட்ட, மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் கோபித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். அந்தக் கோபம் யோகராணிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள்.

இந்த வருசம் வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். கராஜில் யசீகரன். மானிப்பாய்ப் பெடியன், கணக்காளர், வந்து மூன்றாம் மாதமே நல்ல வேலை எடுத்துவிட்டான். மகளின் அறையில், இன்னொரு கட்டிலில் ஸ்ருதி. கரூர்ப் பக்கத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய புருசன் ஊரில் விசாவுக்குக் காத்திருந்தான். சம்பளம் வந்த அன்றே பாதிக்குமேல் ஊருக்குப் போய்விடும். அப்பாவுக்கு வைத்தியம், தம்பிக்குப் படிப்பு.

அறையைப் பங்கு போட்ட மகள் லோஜனா. ஒரே பிள்ளை, இங்கேயே பிறந்தவள். தமிழ் நன்றாக விளங்கும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். பன்னிரண்டாம் வகுப்பிலேயே முடிவெடுத்துவிட்டாள், எரிமலைதான் படிக்கப்போகிறேன் என்று. அதுவும் நாட்டின் மறுபாதியான தென்தீவில் இருக்கிற பல்கலைக்கழகம் ஒன்றில்.

"எரிமலை எல்லாம் இஞ்சை கிடக்கு. படிப்பு மட்டும் அங்கையோ?" என்று யோகராணி கேட்டாள். கேட்பதில் ஞாயம் இருக்கிறது. ஓக்லாந்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு எரிமலை படுத்துக் கிடக்கும். சனம் அதன்மேல் நாய் கூட்டிக்கொண்டு நடக்கும்.

லோஜனா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். தலைக்கவசம் போட்ட பிள்ளைகள் புகை வருகிற மலைச்சரிவில் நின்று கல்லுப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாம் வருசத்திலேயே மாணவர்களை அங்கே கூட்டிப்போவார்களாம். வேறெங்கும் அப்படி இல்லையாம். சொல்லும்போது பிள்ளையின் கண் இரண்டும் பளபளத்தன. யோகராணிக்குக் கல்லும் விளங்கவில்லை, புகையும் விளங்கவில்லை. அந்தக் கண் விளங்கியது. "சரி, போ" என்று சொல்லிவிட்டாள்.

சொல்வது சுலபம். ஆனந்தராசாவின் கிடங்கில் ஒரு ஷிப்டை நிறுத்தி, அவருக்கு வேலை நேரம் பாதியாகியிருந்தது. வருகிற காசு மோர்ட்கேஜுக்கே போதும் போதாது. படிப்புச் செலவுக்குக் கடன் எடுக்கலாம், ஹொஸ்டல் செலவுக்கு எங்கே போவது? அந்தப் பல்கலைக்கழகமே வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஹொஸ்டல் செலவு முழுவதையும் கொடுக்கிற ஒரு உதவித்தொகை வைத்திருந்தது. லோஜனாவின் மார்க்குக்கு அது கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொன்னார்கள்.

படிவத்தைக் கடைசி நாளில்தான் நிரப்பினார்கள். லோஜனா ஒரு காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தட்டினாள். யோகராணி வெங்காயம் வெட்டிக்கொண்டே பதில் சொன்னாள். வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் யார் யார் என்று கேட்டிருந்தது.

"எல்லாரையும் போடு."

"ஸ்ருதியையுமா?" என்று லோஜனா இங்கிலீஷில் கேட்டாள்.

"பின்னை? விட்டா அந்தப் பிள்ளைக்கு மனம் நோகாதே? யசீயையும் போடு."

"ரிலேஷன்ஷிப்?"

"யசீ தம்பி. ஸ்ருதி மகள். இதிலை என்ன கேள்வி?"

லோஜனா தட்டினாள். அவர்களுடைய வேலை, சம்பளம் எல்லாம் கேட்டது. அதையும் அவர்களிடமே கேட்டு, சத்தியமாக, ஒரு சதம் குறையாமல் தட்டினார்கள். யசீகரன் கணக்காளனாயிற்றே, வரி போக எவ்வளவு, வரியோடு எவ்வளவு என்று பிரித்தே சொன்னான். எதற்குக் கேட்கிறார்கள் என்று மட்டும் அவன் கேட்கவில்லை.

முடிவு வந்தது. இடம் உண்டு. உதவித்தொகையும் உண்டு, புத்தகம் வாங்க ஒரே ஒரு தரம். ஹொஸ்டலுக்கு ஒன்றும் இல்லை. காரணமும் சொல்லியிருந்தார்கள். நாலு பேர் உழைக்கிற வீடு, அதில் ஒருவர் கணக்காளர், மூத்த மகள் நர்ஸ். இதைவிடத் தேவையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவர்கள் மேல் என்ன பிழை? கொடுத்த கணக்கைத்தான் கூட்டினார்கள்.

"மூத்த மகள்?" என்று ஆனந்தராசா வாயைப் பிளந்தார். "எங்களுக்கு ஆரப்பா மூத்த மகள்?"

லோஜனா வெடித்துவிட்டாள். "அம்மா, ஷி இஸ் நொட் மை சிஸ்டர்! ஹி இஸ் நொட் யுவர் பிரதர்! என்னுடைய ஹொஸ்டலை நீங்கள் தூக்கி அவர்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள்!" என்று இங்கிலீஷில் கத்தினாள்.

"நீதானேடி தட்டினாய்?"

"யூ டோல்ட் மீ!"

வாசலில் ஸ்ருதி நின்றாள். நைட் டியூட்டி முடிந்து வந்தவள், தோளில் பையோடு. முழுக்கக் கேட்டுவிட்டாள் என்று முகமே சொன்னது. லோஜனாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாத வயசு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அது தன் அறையும்தான் என்பதால் ஸ்ருதி கூடத்திலேயே சோபாவில் படுத்தாள். ஆனந்தராசா வழக்கம்போல் புல் வெட்டப் போய்விட்டார். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவர் புல்தான் வெட்டுவார். அந்தத் தெருவிலேயே அவர்கள் வீட்டுப் புல்தான் ஒட்ட வெட்டிய புல்.

அன்று பின்னேரம் யசீகரன் வேலையால் வந்து, கதையைக் கேட்டு, கடுதாசியை வாங்கிப் பார்த்தான். பார்த்தவன் துள்ளினான். "அக்கா! இதுக்கு அப்பீல் செய்யலாம்! இஞ்சை கீழை போட்டிருக்கு. வீடியோவிலை நேரே கதைக்கவும் விடுவினம்!"

அவ்வளவுதான், வீடு எழும்பி நின்றது. அழுத கண்ணோடு லோஜனா ஓடி வந்தாள். ஆனந்தராசா புல்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தார். யோகராணி அகப்பையை நீட்டி, "அப்ப செய்வம்! விடக் கூடாது! ஆரெண்டு நினைச்சினம் எங்களை!" என்று முழங்கினாள். யாரும் எதுவும் தவறாக நினைக்கவில்லை என்பது அவளுக்கு முக்கியமாகப் படவில்லை.

"சுலபமான வழி ஒண்டு இருக்கு," என்றான் யசீகரன். "நானும் ஸ்ருதியும் வேறை இடம் பாத்துப் போறம். பிறகு வீட்டிலை மூண்டு பேர்தான் எண்டு எழுதிக் குடுங்கோ. ஒரு கேள்வியும் வராது."

"எங்கை போறாய்?"

"பக்குரங்காவிலை என்ரை ஒப்பீஸ் பெடியன் ஒருத்தன் ரூம் இருக்கு எண்டவன். ஸ்ருதிக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட..."

"வாயை மூடு," என்றாள் யோகராணி. "என்ரை பிள்ளை படிக்கிறதுக்கு ஆக்களை வெளியிலை கலைச்சனான் எண்ட பேர் எனக்கு வேண்டாம். இருக்கிறதைச் சொல்லியே வாங்கிக் காட்டுறன். முடிஞ்சா வாங்குவம். இல்லாட்டி..." லோஜனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை.

சோபாவில் இருந்த ஸ்ருதி நைட் டியூட்டிக்குப் புறப்பட எழுந்தாள்.

அப்பீல் நாள் வரும்வரை அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. யசீகரன் ஒத்திகை வைத்தான். ஆனந்தராசாவின் வாசிப்புக் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதி போல் உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வி கேட்பான்.

"மிசிஸ் ஆனந்தராசா, ஸ்ருதி உங்களுக்கு என்ன உறவு?"

"மகள் மாதிரி."

"மாதிரி எல்லாம் சொல்லக் கூடாது அக்கா! ஒரு உறவும் இல்லை. நோ ரிலேஷன். நோ ரென்ட். இந்த ரெண்டு வசனம்தான். வேறை ஒண்டும் கதைக்காதேங்கோ."

"நோ ரிலேஷன்," என்று யோகராணி சொல்லிப் பார்த்தாள். வாயில் வேப்பங்காய் கடித்த மாதிரி இருந்தது. மறுபடி சொன்னாள். "நோ ரிலேஷன், நோ ரென்ட்." வேலையில் தட்டு அடுக்கும்போது சொன்னாள். பஸ்ஸில் சொன்னாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அப்பீல் அன்று அவள் லீவு எடுத்தாள். விடியவே தலைக்குக் குளித்து, கோயிலுக்குக் கட்டுகிற மாம்பழக் கலர்ச் சேலையைக் கட்டினாள். "வீடியோவிலை கழுத்துக்கு மேலைதானப்பா தெரியும்" என்று ஆனந்தராசா சொன்னார். "எனக்குத் தெரியும்தானே" என்றாள். அவரும் சும்மா இருக்கவில்லை, எப்போதோ கலியாண வீட்டுக்கு வாங்கிய கோட்டை எடுத்துப் போட்டார். கீழே வீட்டில் கட்டுகிற சாரம். சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டர். அதற்குப் பின்னால், திரையில் தெரியாதபடி யசீகரன், பெரிய எழுத்தில் நோ ரிலேஷன், நோ ரென்ட் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலைக்குப் பிந்திப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நின்றான், பெடியன். லோஜனா அம்மாவுக்கு ஒரு பக்கம், அப்பாவுக்கு மறுபக்கம் என்று மாறி மாறி உட்கார்ந்தாள்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். தலைவி நரைத்த தலைமுடியோடு, நல்ல சிரித்த முகம். ஒரு இளைஞன், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். மூன்றாவது ஆள் இந்த நாட்டின் பூர்வகுடியான ஒரு வயதான மாவோரி மனிதர், அகன்ற தோள், கை இரண்டையும் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

வணக்கம் எல்லாம் முடிந்தது. தலைவி நேரே விசயத்துக்கு வந்தாள். யசீகரனும் ஸ்ருதியும் குடும்பத்தினர் என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது இல்லை என்கிறீர்கள். எது சரி? குடும்பம் என்றால் அவர்களின் சம்பளம் வீட்டு வருமானம். வாடகைக்கு இருப்பவர்கள் என்றால் அவர்கள் தருகிற வாடகை வீட்டு வருமானம். இரண்டில் எது?

கேள்வி ஞாயமான கேள்விதான். யசீகரன் அட்டையை ஆட்டினான். யோகராணி மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, "நோ..." என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பின்னால் அறைக் கதவு திறந்தது. ஸ்ருதி வெளியே வந்தாள். கையில் பெட்டி. விமான நிலையத்திலிருந்து அவள் கொண்டு வந்த சிவப்புப் பெட்டி, ஒரு பக்கச் சில்லு உடைந்து சரியாக உருளாத பெட்டி. எல்லாரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கும்போது சத்தமில்லாமல் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறாள். உடைந்த சில்லு கடகடவென்று கத்திக் காட்டிக்கொடுத்தது.

"உங்களுக்குப் பின்னால் யாரோ பெட்டியோடு போகிறார்கள்," என்றாள் தலைவி.

யோகராணி திரும்பினாள். அப்பீலும் மறந்தது, அட்டையும் மறந்தது, இங்கிலீஷும் மறந்தது.

"எங்கையடி போறாய்?" வீடு அதிர்ந்தது. "வை பெட்டியைக் கீழை! ஆரைக் கேட்டு வெளிக்கிட்டனி? நைட் டியூட்டிக்குப் போறவள், சாப்பிட்டியோ? இரா முழுக்கக் கண் முழிச்சுப்போட்டு வந்து, ஒரு வாய் சோறு தின்னாமல் பெட்டியைத் தூக்குறாளாம் பெட்டியை! நீ போய்த்தான் என்ரை பிள்ளை படிக்கவேணுமெண்டால் அந்தப் படிப்பே வேண்டாம்!"

"ஆன்ட்டி, என்னாலதானே பாப்பாவுக்கு இவ்ளோ கஷ்டம்," என்றாள் ஸ்ருதி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "நான் போயிட்டா எல்லாம் சரியாயிடும் ஆன்ட்டி. லீவு நாள்ல வந்து பாக்குறேன்."

"வந்து பாக்குறாளாம்! இது என்ன மிருகக்காட்சிச் சாலையே வந்து பாக்க?"

ஆனந்தராசா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். புல் வெட்டப் போக முடியாது, கீழே சாரம். யசீகரன் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். எல்லாம் போச்சு என்று அவன் வாய் சத்தமில்லாமல் சொன்னது.

"என்ன நடக்கிறது?" என்று தலைவி கேட்டாள். "உங்கள் அம்மா என்ன சொல்கிறார்?"

லோஜனாவின் முகம் இரத்தமாகச் சிவந்தது. "பெட்டியைக் கீழே வைக்கச் சொல்கிறார்," என்றாள் இங்கிலீஷில். "நான் படிப்பதற்காக இவர் வீட்டை விட்டுப் போவதென்றால், நான் படிக்கவே வேண்டாம் என்கிறார்." ஸ்ருதியைத் திரும்பிப் பார்த்தாள். "நான்தான் கெட்டதாகப் பேசினேன். அதனால்தான் இவர் போகிறார்."

சொல்லிவிட்டு எழுந்தாள். திரைக்கு முன்னாலேயே நடந்து போய், ஸ்ருதியின் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினாள். பெட்டி பாரம். இழுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கடகட, கடகட. உள்ளே தொம்மென்று கட்டிலில் போட்ட சத்தம் கேட்டது. திரும்பி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது கேளுங்கள் என்பதுபோலத் திரையைப் பார்த்தாள்.

பிறகு யோகராணி பேசினாள். தன் இங்கிலீஷில், கையை ஆட்டி ஆட்டி, சமையற்கூடத்தில் சுப்பர்வைசரோடு சண்டை பிடிக்கிற அதே இங்கிலீஷில் பேசினாள்.

"பொய் சொல்ல வந்தனான், மேடம். நோ ரிலேஷன் எண்டு சொல்லச் சொல்லிப் பழக்கினவை. எனக்கு வாய் வரேல்லை. இவள் நான் பெத்த பிள்ளையும் இல்லை, வாடகைக்கு இருக்கிற ஆளும் இல்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வரேக்கை ஒரு மனிசன் எங்களுக்குக் கதவு திறந்தவர். காசு குடுக்கப் போனம், கோவிச்சுக்கொண்டு உள்ளை போயிட்டார். அந்தாளுக்கு நாங்கள் என்ன உறவு? எனக்கும் விளங்கேல்லை. உங்கடை பேப்பரிலை அதுக்கு ஒரு பெட்டி இல்லை. இல்லாட்டி சரியான பெட்டியிலை எழுதியிருப்பன்."

"இவர் உங்களுக்கு எவ்வளவு தருகிறார்?" என்று எழுதிக்கொண்டிருந்த இளைஞன் கேட்டான்.

யோகராணி வாயைத் திறக்குமுன் ஸ்ருதி முன்னால் வந்து திரைக்குள் குனிந்தாள். நர்ஸ் இல்லையா, தெளிவான இங்கிலீஷ். "முதல் மாதம் கொடுத்துப் பார்த்தேன், சார். நேரே கொடுத்தால் வாங்க மாட்டார் என்று அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தேன். சோறு போட அரிசி அளந்தபோது கண்டுபிடித்துவிட்டார். காசு என் தலையணைக்குக் கீழே திரும்பி வந்தது. ரெண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைத்தார். ரெண்டு கறி கூடவே வைத்தார். எனக்கு அதற்குப் பிறகு பயம், சார். கொடுப்பதே இல்லை."

தலைவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இளைஞன் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியாமல் பார்த்தான்.

அதுவரை கை கட்டிக்கொண்டிருந்த மாவோரி மனிதர் கையை அவிழ்த்தார். "எங்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது," என்றார் மெதுவாக. "ஃபாங்காய். பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொள்வது. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே சோறூட்டுவது. என் பாட்டியார் வீட்டில் அப்படி ஏழு பேர் வளர்ந்தோம். யாரும் அவரிடம் வாடகைச் சீட்டுக் கேட்கவில்லை." தலைவியின் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டில் நாலு பேர் உழைக்கிறார்கள் என்று கூட்டியிருக்கிறோம். ஆனால் இந்த ரெண்டு பேரும் இந்த அம்மாவுக்கு உழைத்துப் போடவில்லை. இந்த அம்மாதான் இவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார். நாம் இவர்களைத் தவறான பக்கத்தில் எழுதிவிட்டோம் என்று நினைக்கிறேன்."

லோஜனா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

யசீகரனும் ஸ்ருதியும் தாங்கள் ஒன்றும் கொடுப்பதில்லை என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப வேண்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று தலைவி முடித்தாள். திரை அணைந்தது. யசீகரன் அட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து, "அக்கா, ரெண்டு வசனம்தானே சொல்லித் தந்தனான்!" என்றான். யோகராணி அவனுக்குத் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு ஸ்ருதிக்குச் சோறு போடப் போனாள்.

சத்தியக் கடதாசியில் உறவு என்ற இடத்தில் உறவில்லை என்று எழுத ஸ்ருதியின் கை தயங்கியது. "எழுது, எழுது," என்றாள் யோகராணி. "கடதாசிக்கு நீ ஆரோ. குசினிக்கு வா, அங்கை சொல்லுறன் நீ ஆரெண்டு."

முடிவு ஒரு சனிக்கிழமை காலையில், லோஜனாவின் போனுக்கு வந்தது. தோட்டத்தில் ஸ்ருதி தவிர எல்லாரும் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு ஒரு சத்தம் போட்டாள், பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.

"ஃபுல்! அம்மா, ஃபுல் ஹொஸ்டல்! த்ரீ இயர்ஸ்!"

யோகராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் இருந்த ஈரச் சேலையோடு மகளைக் கட்டிப்பிடித்தாள். யசீகரன் ஆனந்தராசாவைத் தூக்கினான். "விடப்பா, இடுப்பு!" என்று அவர் கத்தினார், கத்திக்கொண்டே சிரித்தார். நைட் டியூட்டி முடிந்து நித்திரையில் இருந்த ஸ்ருதி, ஏதோ ஆபத்து என்று தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். லோஜனா பாய்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அவ்வளவு நாளாக வாய்க்குள் வைத்திருந்த "சொறி" அப்போதுதான் வெளியே வந்தது, அதுவும் அவள் தோளுக்குள். ஸ்ருதி அவளைத் தட்டிக்கொடுத்து, "அட விடு பாப்பா, எனக்கு ஒரு தம்பி இருக்கான். அவன் பேசாத பேச்சா?" என்றாள்.

பெப்ரவரியில் லோஜனா போனாள். அவளுடைய கட்டில் காலியாகக் கிடந்தது ஒரு கிழமைதான். பிறகு தாரிணி என்று ஒரு பிள்ளை மட்டக்களப்பிலிருந்து வந்து இறங்கியது.

அதற்கு முன், போய் மூன்றாம் நாள் பின்னேரம், லோஜனா வீடியோவில் வந்தாள். பின்னால் ஹொஸ்டல் சுவர், அதில் ஏற்கெனவே எரிமலைப் படம். யோகராணி சாப்பிட்டாயா, குளிரோ, ஆர் சமைக்கினம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். குசினியில் ஸ்ருதி வேலைக்கு வெளிக்கிட்டு, தலையைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இன்றைக்கு ஹொஸ்டலில் ஒரு ஃபோர்ம் தந்தார்கள்," என்றாள் லோஜனா இங்கிலீஷில். "சகோதரர்கள் யார் என்று கேட்டது. ஒரு அக்கா, நர்ஸ், என்று போட்டுவிட்டேன்."

யோகராணி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "விசரி! திரும்பவும் காசை வெட்டப் போறாங்களடி! மூண்டு பேரோடை மல்லுக்கட்டி எடுத்தனான்! கெதியா அழி!"

"டூ லேட். கொடுத்துவிட்டேன்." லோஜனா சிரித்தாள். "காசுக்கு இல்லை அம்மா. எனக்கு ஏதும் நடந்தால் முதலில் யாருக்குப் போன் பண்ணுவது என்றும் கேட்டார்கள், அக்காவின் நம்பரைத்தான் கொடுத்தேன். நீங்கள் வேலையில் போனைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிடுவீர்களே."

யோகராணி குசினிப் பக்கம் திரும்பினாள்.

"ஸ்ருதி, தெரியாத நம்பரிலை போன் வந்தா எடு, என்ன. பிள்ளையின்ரை ஹொஸ்டலாயிருக்கும்."

"சரி ஆன்ட்டி. நான் யாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

"அக்கா எண்டு சொல்லு," என்றாள் யோகராணி. "வேறை என்னத்தைச் சொல்லுறது?"